கொழும்பில் தொண்டர் பணி முடிகிறதா? வீடு திரும்புவதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்கான முழு வழிகாட்டி

கொழும்புக்கு வந்து இறங்கும் தொண்டருக்கு எல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கும். எந்த பஸ், எந்தக் கடை, சிங்களத்தில் அவசரத்துக்கு நாலு வசனம் என்று ஆளுக்கு ஆள் வந்து சொல்வார்கள். திரும்பிப் போகும்போது சொல்லித்தர ஒருவரும் இல்லை. ஒரு வருடம், இரண்டு வருடம் இங்கே வேலைசெய்துவிட்டு, கடைசி வாரத்தில் வங்கிக்கும் குடிவரவுத் திணைக்களத்துக்கும் ஓடிக்கொண்டே பெட்டி கட்டுபவர்கள்தான் அதிகம். சென்னையிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த தமிழ்த் தொண்டர்களை எங்கள் அலுவலகத்திலிருந்து வழியனுப்பிக்கொண்டே இருக்கிறோம். அந்த அனுபவத்தில் எழுதியது இது. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெட்டியும் விசாவும் சிறிய வேலை. நீங்கள் செய்துவந்த வேலையை இன்னொருவர் கையில் ஒழுங்காகக் கொடுப்பதுதான் பெரிய வேலை. அதற்குத்தான் மூன்று மாதம் வேண்டும்.

முதலில் தேதி

போகும் தேதியை முடிவு செய்யாமல் வேறெதையும் தொடங்க முடியாது. பள்ளிக்கூடத்திலோ மாலை வகுப்பிலோ படிப்பிக்கிறவர்கள் தவணை முடிவோடு முடிப்பது நல்லது. தவணை நடுவில் ஆசிரியர் மாறினால் பிள்ளைகள்தான் குழம்புவார்கள். ஏப்ரல் 13, 14 புத்தாண்டை ஒட்டிய வாரத்தைத் தவிருங்கள். பாதிக் கொழும்பு ஊருக்குப் போயிருக்கும், கையெழுத்து வைக்க அதிகாரி இருக்கமாட்டார், வீட்டைப் பார்த்துத் திறப்பு வாங்க வீட்டுக்காரரும் இருக்கமாட்டார். ஜூலை, ஓகஸ்டிலும் டிசம்பரிலும் வெளிநாட்டுத் தமிழர்கள் வந்துபோகிற காலம் என்பதால் விமானச் சீட்டு விலை ஏறிவிடும். ஒவ்வொரு மாதமும் போயா என்ற பௌர்ணமி விடுமுறை வரும். திணைக்களத்துக்குப் போகிற நாளைக் குறிக்கும்போது கலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேதி முடிவானதும் வெளியே சொல்லுங்கள். இதில்தான் பலர் தயங்குகிறார்கள். "இப்பவே சொன்னா எல்லாருக்கும் கவலை, கடைசியில சொல்லலாம்" என்பார்கள். நடப்பது வேறு. நாலு பேருக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது, அலுவலக நடையில் கிசுகிசு ஓடும். உங்களோடு தினமும் சாப்பிடும் அக்காவுக்கு அது போட்டோகொப்பிக் கடைக்காரர் மூலம் தெரியவரும். அந்த மனத்தாங்கலைக் கடைசி வாரத்தில் போக்க முடியாது. பொறுப்பாளரிடம் முதலில், அடுத்த நாளே கூட வேலைசெய்பவர்களிடம், அந்த வாரத்துக்குள் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். உங்களை அனுப்பிய அமைப்புக்கு எழுத்தில் அறிவியுங்கள். திரும்பும் விமானச் சீட்டு, ஊரில் நிலைகொள்ளத் தரும் தொகை எல்லாம் அந்தத் தேதியிலிருந்துதான் கணக்கிடப்படும்.

வேலையைக் கைமாற்றுதல்

முடிவறிக்கை எல்லோரும் எழுதுகிறார்கள். அறுபது பக்கம், படங்களோடு, அழகாக. அடுத்து வருபவருக்கு அதில் பாதி உதவாது. அவருக்கு வேண்டியது ஒரு சாதாரணக் கொப்பி. நான் பார்த்ததில் மிகச் சிறந்த கைமாற்றுக் குறிப்பு, கொட்டாஞ்சேனையில் பிள்ளைகளுக்கான வாசிப்பு வகுப்பு நடத்திய ஒரு பெண் எழுதிவைத்தது. அதில் இப்படி இருந்தது: "புதன்கிழமை மண்டபத் திறப்பு வாச்சர் ஐயாவிடம். இரண்டு மணிக்குச் சாப்பிடப் போவார், அதற்கு முன் வாங்க வேண்டும். மூன்றாவது மின்விசிறியைப் போட்டால் மெயின் விழும். முன்வரிசையில் இருக்கும் தம்பிக்கு எழுத்து தெரிவதில்லை, கண்ணாடி இருக்கிறது, பையைவிட்டு எடுக்கமாட்டான், ஞாபகப்படுத்தவும். போட்டோகொப்பிக் கடையில் மாதக் கணக்கு, 5ஆம் தேதிக்குள் கட்டினால் முகம் கொடுத்துப் பேசுவார்." புதிதாக வந்தவர் முதல் வாரத்திலேயே வகுப்பைத் தன்னுடையதாக்கிக்கொண்டார்.

அப்படி ஒரு கொப்பியை மூன்று மாதத்துக்கு முன்பே திறந்து மேசையில் வையுங்கள். உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதவராது. யாராவது உங்களிடம் ஒன்றைக் கேட்கும்போதெல்லாம், "இது எனக்கு மட்டும்தான் தெரியுமா?" என்று யோசித்து, ஆம் என்றால் ஒரு வரி எழுதுங்கள். மாதம் ஒன்று போனால் உங்கள் தலைக்குள் எவ்வளவு கிடந்தது என்று நீங்களே ஆச்சரியப்படுவீர்கள்.

கணினியில் உள்ளவற்றுக்கு ஒரு நாளை முழுதாக ஒதுக்குங்கள். தொண்டர்கள் வேலையைத் தங்கள் சொந்த கூகுள் கணக்கில் தொடங்கிவிடுவது வழக்கம். வரவுப் பதிவேடு, நன்கொடையாளர் பட்டியல், முகநூல் பக்கத்தின் நிர்வாக உரிமை, யூடியூப் அலைவரிசை எல்லாம் அதில்தான் கிடக்கும். ஆள் போனபின் ஒரு கோப்பைத் திறக்க அனுமதி கேட்டு ஆறு நேர வலய வித்தியாசத்தில் காத்திருக்க வேண்டியதாகிறது. பகிர்ந்தால் போதாது, உரிமையையே நிறுவனத்தின் கணக்குக்கு மாற்றுங்கள். அப்புறம் உங்கள் மடிக்கணினியை மூடிவைத்து, அலுவலகக் கணினியிலிருந்து ஒவ்வொன்றையும் திறந்து பாருங்கள். வாட்ஸ்அப் குழுக்களுக்கு இன்னொருவரை நிர்வாகியாக்குங்கள். பிள்ளைகளின் படங்கள் உங்கள் போனில் இருந்தால் அவற்றை நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு அழித்துவிடுவதே முறை. பெற்றோர் சம்மதம் வகுப்புக்காகத் தந்தது, உங்கள் முகநூலுக்காக அல்ல.

கடைசி இரண்டு வாரம் நீங்கள் வேலை செய்யக்கூடாது. புதியவர் செய்ய, நீங்கள் பின்வரிசையில் இருக்க வேண்டும். கை துறுதுறுக்கும். அவர் தடுமாறும்போது எழுந்து போய்ச் சரிசெய்தால், பிள்ளைகள் மறுபடி உங்கள் பக்கமே திரும்பிவிடுவார்கள்.

உங்களுக்குப் பிறகு யாருமே வரவில்லை என்றால்? அதுவும் நடப்பதுதான். அப்போது எந்த வேலை நிற்கும், எது தொடரும் என்று பொறுப்பாளரோடு உட்கார்ந்து பேசி, நிற்பதை முறையாக முடித்துவையுங்கள். ஐந்து வேலையை அரைகுறையாக ஒரு ஊழியர் தலையில் கட்டுவதைவிட, இரண்டை உருப்படியாகக் கொடுத்து மூன்றை வெளிப்படையாக நிறுத்துவது மேல். நிதி தந்தவர்களுக்கும் அதை அறிவித்துவிட வேண்டும்.

பிள்ளைகளிடம் சொல்வது, பெரியவர்களிடம் சொல்வது

பிள்ளைகளுக்கு ஒரு மாதம் முன்பு சொன்னால் போதும். அதைவிட முந்தினால் மறந்துவிடுவார்கள், பிந்தினால் ஏமாற்றமாகும். எந்த நாள் கடைசி வகுப்பு, அதற்கு அடுத்த வகுப்பை யார் எடுப்பார் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். "மிஸ் திரும்பி வருவீங்களா?" என்று கேட்பார்கள். நிச்சயமில்லாவிட்டால் வருவேன் என்று சொல்லாதீர்கள். பிள்ளைகள் அதைத் தேதி போட்டு நினைவில் வைத்திருப்பார்கள்.

பெரியவர்கள் வேறு மாதிரி. கடைசி மாதத்தில் சிலர் தனியாக வந்து கதைப்பார்கள்: மகளுக்கு அங்கே படிக்க வழியிருக்கிறதா, ஒரு ஸ்பொன்சர் கிடைக்குமா, அவசரத்துக்கு ஒரு தொகை தர முடியுமா. குற்றம் சொல்ல முடியாது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பல வீடுகள் இன்னும் நிமிரவில்லை. ஆனால் கையில் இரகசியமாகக் காசு கொடுத்துவிட்டுப் போனால், உங்களுக்குப் பின்னால் வருபவரிடமும் அதே எதிர்பார்ப்பு இருக்கும். உதவ விரும்பினால் நிறுவனத்தின் வழியாக, பற்றுச்சீட்டோடு செய்யுங்கள். விசா விஷயத்தில் "பார்க்கிறேன்" என்ற சொல்லே ஆபத்து. முடியாததை முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

கடிதங்களும் சான்றுகளும்

இங்கே இருக்கும்போது ஒரு நாளில் கிடைக்கும் கடிதம், ஊர்போன பின் மூன்று மாதம் ஆகும். சேவைக் கடிதத்தில் தொடங்கிய தேதி, முடித்த தேதி, பதவி, செய்த வேலைகள், முழுநேரமா பகுதிநேரமா என்பது, கையெழுத்திட்டவரின் பதவி எல்லாம் இருக்க வேண்டும். "நல்ல பிள்ளை, கடும் உழைப்பாளி" என்று மட்டும் எழுதிய கடிதத்தை வேலை தருபவர் ஒரு பக்கம் வைத்துவிடுவார். முதல் வரைவை நீங்களே எழுதிக்கொடுங்கள். யாரும் தவறாக எடுக்கமாட்டார்கள், உள்ளூர நன்றிதான் சொல்வார்கள். கடிதத் தலைப்பில் கையெழுத்தும் முத்திரையுமாக இரண்டு பிரதி வாங்குங்கள், ஸ்கேன் செய்தும் வையுங்கள்.

அடுத்தது பொலிஸ் கிளியரன்ஸ் என்று எல்லோரும் சொல்லும் நற்சான்று அறிக்கை. பிள்ளைகளோடோ முதியோரோடோ வேலைசெய்யப் போகிறவர்களிடம் லண்டனிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும், வெளிநாட்டில் வாழ்ந்த காலத்துக்கான பொலிஸ் சான்று கேட்பார்கள். குடியுரிமை, குடியேற்ற விண்ணப்பங்களுக்கும் அது தேவைப்படலாம். இலங்கைப் பொலிஸின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்கலாம். நீங்கள் வசித்த ஒவ்வொரு முகவரிக்கும் உரிய பொலிஸ் நிலையத்தில் விசாரித்துத்தான் தருவார்கள். வெள்ளவத்தையில் நாலு மாதம், தெகிவளையில் ஒரு வருடம் என்று வீடு மாறியவர்கள் முகவரிகளையும் தேதிகளையும் இப்போதே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். வீட்டு இலக்கம் பிறகு ஞாபகம் வராது.

விசா

தொண்டரின் வதிவிட விசா பெரும்பாலும் நிறுவனத்தின் பெயரில், அந்த வேலைக்காகக் கொடுக்கப்பட்டது. கடவுச்சீட்டில் உள்ள முடிவுத் தேதியும் உங்கள் விமானத் தேதியும் எப்படி அமைகின்றன என்று மூன்று மாதம் முன்பே பாருங்கள். இரண்டு நாள் குறைந்தாலும் நீட்டிக்கத்தான் வேண்டும். விமான நிலையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் தண்டப்பணமும் தலையிடியும்தான். பணி முடிந்ததும் எல்ல, திருகோணமலை, யாழ்ப்பாணம் சுற்றிப்பார்க்க நினைப்பவர்கள், வேலை முடிந்தபின் அதே விசாவில் தங்கலாமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் பத்தரமுல்லையில் சுகுருபாய கட்டடத்தில் இருக்கிறது. வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் பிரிவும் அதே கட்டடம்தான். சான்றிதழ்களை அத்தாட்சிப்படுத்த வேண்டியிருந்தால் இரண்டு வேலையையும் ஒரே நாளில் முடிக்கலாம். காலையிலேயே போங்கள். தமிழில் சேவை கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள். எந்த அலுவலகம், என்ன ஆவணம் என்று தெரியாவிட்டால் 1919க்கு அழைத்தால் அரசாங்கத் தகவல் நிலையம் சொல்லும்.

வீடு, வங்கி, போன்

ஒப்பந்தத்தை எடுத்து, எத்தனை மாத முன்னறிவித்தல் என்று பாருங்கள். கொழும்பில் பல மாத வாடகையை முற்பணமாகக் கொடுத்துத்தான் வீடு எடுத்திருப்பீர்கள். மீதி எவ்வளவு திரும்ப வரும், எந்த நாளில் வரும் என்பதை வீட்டுக்காரருக்கு ஒரு குறுஞ்செய்தியிலாவது எழுத்தாக்கிவிடுங்கள். வெள்ளவத்தை வீட்டுக்கார அன்ரிமார் பாசமானவர்கள்தான், "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் பிள்ளை, முதல்ல சாப்பிடுங்கோ" என்பார்கள். சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டு எழுதியும் வாங்குங்கள்.

கரண்ட், தண்ணீர் பில் பிந்தித்தான் வரும். வீடு விடும் நாளில் இரண்டு மீற்றரையும் படமெடுத்து, கடைசி பில்லுக்கு ஒரு தொகையை ஒத்துக்கொண்டு அங்கேயே கணக்கை முடியுங்கள். காஸ் சிலிண்டர் உங்களுடையதென்றால் அதைச் சும்மா விட்டுவிட்டு வராதீர்கள். காஸ் தீர்ந்தாலும் வெறும் சிலிண்டருக்கே விலை உண்டு. காஸ் வரிசையில் நாள்கணக்கில் நின்ற ஊர் இது. கூட வேலைசெய்யும் ஒருவருக்குக் கொடுத்தால் வேறெந்தப் பரிசையும்விட மகிழ்வார். மின்விசிறி, நுளம்பு வலை, சட்டி பானைக்கும் அப்படித்தான். யாருக்கு எது என்று ஒரு மாதம் முன்பே சொல்லிவிட்டால் கடைசி நாளில் வாசலில் சங்கடம் இருக்காது. தமிழ்ப் புத்தகங்கள் நிறையச் சேர்ந்துவிட்டால், 1942இல் தொடங்கிய கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம் வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையில் இருக்கிறது. ஏற்பார்களா என்று கேட்டுவிட்டுக் கொண்டுபோங்கள்.

வங்கியும் போனும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பவை. வங்கியின் ஒருமுறைக் கடவெண் (OTP) நீங்கள் பதிந்த இலங்கை எண்ணுக்குத்தான் வரும். சிம்மை முதலில் கைவிட்டால் கணக்குக்குள் நுழைய முடியாது. ஆகவே முற்பணம் திரும்பி வரட்டும், நிலுவைகள் போகட்டும், கணக்கை மூடுங்கள், கடைசியில் சிம். உங்கள் ஊர் வங்கி, மின்னஞ்சல், வாட்ஸ்அப் எதிலாவது இலங்கை எண்ணைக் கொடுத்திருந்தால் அதையும் மாற்றுங்கள். மீதிப் பணத்தை வெளிநாட்டு நாணயமாக்க வங்கி என்ன ஆவணம் கேட்கும் என்று ஒரு மாதம் முன்பே விசாரித்துவையுங்கள். இலங்கை ரூபாயைக் கட்டாகக் கொண்டுபோக வேண்டாம். கொண்டுபோக வரம்பும் உண்டு, வெளியே மாற்றுவதும் பெரும்பாடு.

பெட்டி

எடுத்துப்போகக் கூடாதவற்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றது உங்கள் விருப்பம். 50 வருடத்துக்கு மேற்பட்ட பொருள் எதையும் அனுமதியின்றி நாட்டைவிட்டுக் கொண்டுபோக முடியாது. பழைய பித்தளை விளக்கு, ஏட்டுச் சுவடி, நாணயம், முகமூடி, பழைய புத்தகம் எல்லாம் இதில் வரும். யாராவது அன்போடு பாட்டி காலத்துக் குத்துவிளக்கைத் தந்தாலும் சட்டம் ஒன்றுதான். அனுமதிக்குக் கொழும்பு 7இல், சேர் மார்க்கஸ் பெர்னாண்டோ மாவத்தையிலுள்ள தொல்பொருள் திணைக்களத்துக்குப் போக வேண்டும். புதிய பொருளே பழையது போலச் செய்யப்பட்டிருந்தால் கடைப் பற்றுச்சீட்டைக் கையில் வையுங்கள். யானைத் தந்தம், ஆமை ஓடு, பவளப்பாறை, வல்லப்பட்டை என்ற வாசனை மரம் பக்கமே போகவேண்டாம். கடற்கரையில் பொறுக்கிய சிப்பியையும் விட்டுவிட்டுப் போவது நிம்மதி.

அடுத்த சுங்கம் உங்கள் ஊரில். ஆஸ்திரேலியாவில் எந்த உணவுப் பொருளையும் அறிவிக்க வேண்டும், மறைத்தால் அபராதம். பச்சைக் கறிவேப்பிலையை அங்கேயும் விடமாட்டார்கள், அமெரிக்காவிலும் விடமாட்டார்கள். மிளகாய்த்தூள், தேயிலை, கித்துள் கருப்பட்டி எல்லாம் நன்றாக மூடி, பெயர் தெரியும் பொதியில் இருக்கட்டும். கடையில் கட்டித்தந்த வெள்ளைத்தாள் பொட்டலத்தை விமான நிலையத்தில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. பவர்பாங்க் கைப்பையில்தான், ஏற்றும் பெட்டியில் கூடாது. கனமான புத்தகங்களையும் பாத்திரங்களையும் கப்பலில் அனுப்ப வெள்ளவத்தையிலேயே நிறைய முகவர்கள் உண்டு. வீட்டு வாசல்வரை சேர்ப்பார்களா, துறைமுகம்வரைதானா என்று கேட்டுவிட்டு விலையைப் பேசுங்கள்.

உடம்பு

பல்லில் வேலை இருந்தால் இங்கேயே முடியுங்கள், ரொறன்ரோ விலைக்கு இங்கே எவ்வளவோ மலிவு. நாய் கடித்து ஊசி பாதியில் இருந்தால் அட்டையோடு போய் அங்கே தொடருங்கள். தொண்டர் காப்புறுதி பணியின் கடைசி நாளோடு முடிந்துவிடக்கூடும். ஊரில் அரச மருத்துவக் காப்பு மறுபடி தொடங்க, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற இடங்களில் காத்திருப்புக் காலம் இருக்கிறது. நடுவில் உள்ள இடைவெளிக்குப் பயணக் காப்புறுதி எடுங்கள்.

டெங்கு நுளம்பு கடித்து 4 முதல் 10 நாளில்தான் காய்ச்சல் தொடங்கும். ஊர்போய் இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் உடனே வைத்தியரிடம் போய், இலங்கையிலிருந்து வந்தேன் என்பதை முதல் வசனமாகச் சொல்லுங்கள். அங்குள்ள வைத்தியர் முதலில் மலேரியாவைத்தான் நினைப்பார். ஆனால் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் 2016இலேயே அறிவித்துவிட்டது. கொழும்பின் பிரச்சினை டெங்கு. வைத்தியரைப் பார்க்கும்வரை பரசிட்டமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரோஃபன் தொடக்கூடாது, இரத்தக்கசிவு ஆபத்து உண்டு.

பிரியாவிடையும் கட்டுநாயக்கவும்

அலுவலகத்தில் ரோல்ஸ், கேக், பொன்னாடை, உரை எல்லாம் நடக்கும். அதைக் கடைசி நாளில் வைக்காமல் ஒரு வாரம் முன்பே வைக்கச் சொல்லுங்கள். மிச்ச நாட்கள் வாச்சர் ஐயாவுக்கும், தினமும் ஏற்றிப்போன ஆட்டோ அண்ணாவுக்கும், சாப்பாட்டுக்கடை அக்காவுக்கும் வேண்டும். அவர்களை யாரும் மேடைக்குக் கூப்பிடமாட்டார்கள், நீங்கள்தான் தேடிப்போக வேண்டும்.

கட்டுநாயக்க விமான நிலையத்துக்குக் கோட்டையிலிருந்து 187 பஸ் போகிறது. இரண்டு பெரிய பெட்டியோடு அது சரிவராது, வாகனம் பேசுங்கள். அதிவேகப் பாதையில் ஏறிவிட்டால் பயணம் விரைவு; ஏறும்வரைதான் பாடு. மாலையில் காலி வீதி நகராது. மாலைநேரத்தில் வெள்ளவத்தையிலிருந்து கிளம்புபவர்கள் நெரிசலுக்கென்றே கூடுதலாக ஒரு மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் முதல் மாதங்கள்

வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் மனநிலை ஏறி இறங்கி ஏறும் என்று 1955இல் நோர்வே ஆய்வாளர் லிஸ்கார்ட் எழுதினார். 1963இல் குல்லஹோர்ன் தம்பதியினர் அதே வளைவு வீடு திரும்பியதும் இன்னொரு முறை வருகிறது என்று காட்டினார்கள். எங்கள் தொண்டர்கள் சொல்வதும் அதைத்தான். முதல் வாரம் அம்மா சமையல், நண்பர்கள், நித்திரை. மூன்றாம் வாரம் எல்லோரும் தங்கள் வேலைக்குப் போய்விடுவார்கள், "இலங்கை எப்படி?" என்று கேட்டவர் பதிலின் முதல் வசனத்திலேயே போனைப் பார்ப்பார். தமிழ்க் குடும்பங்களில் இன்னொன்றும் சேரும்: "இரண்டு வருஷம் சும்மா வேலை செய்தாயே, இனி என்ன பிளான், கல்யாணம் எப்போ?" அதற்குப் பதிலை விமானத்திலேயே தயார்செய்துகொள்ளுங்கள். முழுக்கதையும் கேட்க ஆள் வேண்டுமென்றால், உங்களைப் போலப் பணிமுடித்துத் திரும்பிய ஒருவரைத் தேடுங்கள். அனுப்பிய அமைப்பிடம் கேட்டால் தொடர்பு தருவார்கள்.

வேலை தேடும்போது "தொண்டர்" என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனை பேருக்குப் படிப்பித்தீர்கள், எவ்வளவு நிதியைக் கணக்குவைத்தீர்கள், எந்த மொழிகளில் கூட்டம் நடத்தினீர்கள் என்று எழுதுங்கள். அந்தக் கணக்கெல்லாம் இங்கிருந்து கிளம்பும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

கொழும்பிலிருந்து கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். முதல் மாதம் வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி, அன்று மட்டும் பதில் சொல்லுங்கள். உடனுக்குடன் பதில் கிடைத்தால் புதியவரிடம் யாரும் கேட்கமாட்டார்கள். அனுப்புவதாகச் சொன்ன படங்களையும் புத்தகத்தையும் அந்த மாதத்துக்குள் அனுப்பிவிடுங்கள். மாதம் முடிந்ததும் வேலைக் குழுவிலிருந்து விலகிவிடுங்கள். பிறந்தநாள் வாழ்த்தும் மீமும் ஓடும் மற்றக் குழுவில் தாராளமாக இருக்கலாம்.